உபயப் பந்தியில் வேண்டுவது எண்ணிக்கையா, தகுதியா?

ஆலயத் திருவிழாக் காலம் நெருங்கும்பொழுது, உபயகாரர்கள் அன்னதான ஏற்பாடு குறித்து ஆலய நிர்வாகத்தினரைக் கலந்து பேசுவது வழக்கம். அப்பொழுது பலரும் முதலில் கேட்பது, "முதல் நாள் உபயத்தில் எத்தனை வகை போட்டார்கள்?" என்பதே ஆகும். உண்ண வருவோர் யார், எந்நேரத்தில் உண்பர் என்பவை இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டு விடுகின்றன. இப்போக்கு மாற வேண்டும் என்பதே அடியேனின் கருத்து.

முதலாவதாக நேரத்தைக் கவனிப்போம். இரவு உபயத்திற்கான உணவைக் கேட்டரிங் நடத்துவோர் பெரும்பாலும் பிற்பகலிலேயே சமைத்து, மாலையில் கொண்டு வந்து வைத்து விடுகின்றனர். பூசை முடிந்து, சுவாமி புறப்பாடும் நிறைவுற்றுப் பந்தி தொடங்க ஒன்பது மணி ஆகி விடுகிறது. சமைத்த உணவை அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது; பரிமாறும் வரை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறிக் கிடந்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நச்சு, மீண்டும் சுட வைத்தாலும் அழிவதில்லை. ஆகவே, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் குருமா, தயிர்ச்சாதம் போன்றவற்றை இரவுப் பந்திக்குத் தவிர்ப்பதே நலம். சோற்றையும் ரசத்தையும் ஆலய மடைப்பள்ளியிலேயே பந்திக்குச் சற்று முன்பாகச் சமைப்பது அதனினும் சிறப்பு.

மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவைக் கையாள்வோர் உரிய பயிற்சியும், மருத்துவப் பரிசோதனையும், தடுப்பூசியும் பெற்றிருத்தல் வேண்டும். விலையைப் பேசும் முன்னர் இச்சான்றுகளைக் கேட்டுப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை.

இரண்டாவது, உண்போரின் உடல்நலம். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளதாகக் கூறுகிறது. நம் இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பதை யாவரும் அறிவோம். அப்படியிருக்க, ஒரே இலையில் கேசரி, லட்டு, பாயசம், இனிப்புப் பானம் என நான்கு இனிப்புகள் எதற்கு? ஓர் இனிப்பு போதும். கடலைச் சுண்டல், கீரைக் கூட்டு, நீர்மோர் ஆகியவை முதியோருக்கும் ஏற்றவை.

மூன்றாவது, விருந்தினரின் வழக்கம். இரத ஊர்வலத்தை முன்னிட்டு நடைபெறும் கூட்டங்களுக்கு நகராண்மைக் கழகத்தினரும் காவல் துறையினரும் வருகின்றனர். சைவ உணவு என்றாலே எல்லாருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. சைவ உணவு உண்ணும் சீன பௌத்தர்கள் பலர் வெங்காயமும் பூண்டும் கொள்வதில்லை. கடைகளில் விற்கும் சைவ இறைச்சி வகைகள் சிலவற்றில் முட்டை கலந்திருக்கும். பொட்டலத்தின் மேலுள்ள விவரத்தைப் படித்த பின்பே வாங்க வேண்டும். முஸ்லிம் அன்பர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, பழங்களும் மூடியிட்ட குடிநீரும் வைப்பது பண்பாகும்.

"கொடுப்பவர் மனம் குளிர வேண்டாமா?" எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், வசதியுள்ள ஒரு குடும்பம் பதினைந்து வகை படைத்தால், மறுநாள் உபயம் ஏற்றிருக்கும் எளிய குடும்பம் கடன்பட்டேனும் அதற்கு ஈடு செய்ய முயல்கிறது. இயலாதோர் மறு ஆண்டு உபயத்தையே கைவிட்டு விடுகின்றனர். இறைவன் சந்நிதியில் இத்தகைய ஏற்றத்தாழ்வு தகுமா?

எனவே, எல்லா உபயங்களுக்கும் பொதுவான ஓர் உணவுப் பட்டியலை ஆலய நிர்வாகமே வகுத்தல் வேண்டும். சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், மோர், ஓர் இனிப்பு என்பதே நிறைவான விருந்து. மேலும் செய்ய விரும்புவோர், அத்தொகையை ஆலயத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் நூல்களுக்கு வழங்கலாம்.

பசித்து வந்தவர் சூடாகவும் தூய்மையாகவும் வயிறார உண்டு எழுவதே அன்னதானத்தின் பயன். வரும் திருவிழாவிற்கான முதற் கூட்டத்திலேயே இதனை ஒரு தீர்மானமாக நிறைவேற்ற ஆலயப் பொறுப்பாளர்கள் முன்வருவார்களாக.