கழட்ட முடியாத பேட்டரி யாருக்காக?

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் ஒரு பட்டிமன்றம் கட்டாயம் உண்டு. முன்பெல்லாம் அரசியல், இப்போது போன். ஐபோனா, சாம்சங்கா, ஒன்பிளஸ்ஸா? ஒருத்தர் கேமராவைப் பற்றிச் சொல்வார், இன்னொருத்தர் கேம் விளையாடினால் சூடாகாது என்பார். "5ஜி எங்க தெருவுலயே பறக்குது மாமா" என்று ஒரு தம்பி சொல்லுவான்.

அந்தப் பட்டிமன்றத்தில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. பேட்டரி போனால் என்ன செய்வீங்க? கேட்டுப் பாருங்க. "சர்வீஸ் சென்டர்ல குடுத்தா மாத்தித் தருவாங்க, இல்லன்னா எக்ஸ்சேஞ்ச்ல வேற வாங்கிக்கலாம்" என்று பதில் வரும். உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள தூரம் அந்தப் பதிலில் இருக்கிறது. பூந்தமல்லி, திருமழிசை தாண்டி வயல் பக்கம் வந்தால் கிலோமீட்டர் கணக்கில் அதிக தூரம் இல்லை. ஆனால் போன் விஷயத்தில் வேறு நாடு.

நான் சொல்ல வருவது இதுதான். வாங்கினவன் தன் கையால் பேட்டரியைக் கழட்டி மாட்ட முடியாத போன், பிறக்கும்போதே குறையோடு பிறந்த போன். அது 9,000 ரூபாயோ, 90,000 ரூபாயோ, குறை ஒன்றுதான். அந்தக் குறையைக் குறை என்று சொல்லாமல் நீங்கள் மாடல் சண்டை போட்டுக்கொண்டிருப்பதால், அதற்கான விலையை நாங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோபப்படாமல் கேளுங்க. ஒரே மாடல் போன் அம்பத்தூரில் உழைக்கிற காலம் எங்க ஊரில் உழைக்காது. டவர் தூரமாக இருந்தால், அதை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தி போட்டுக் கத்த வேண்டும். சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு இருக்கிற இடத்தில் போன் சும்மா சட்டைப்பையில் இருந்தாலும் பேட்டரி இறங்கும், சூடும் ஏறும். வீட்டில் ஒரு கம்பெனி எடுக்கும், ஏரிக்கரையில் இன்னொன்றுதான் எடுக்கும். அதனால் இரண்டு சிம். இரண்டுக்கும் டவர் தேட வேண்டும். அதற்கு மேல் சித்திரை வெயிலில் வரப்பில் நிற்கிறவன் பையில் கிடக்கிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். ஏசி அறையில் இருக்கிற பேட்டரிக்கும் வயக்காட்டுப் பேட்டரிக்கும் ஆயுள் ஒன்றாக இருக்குமா?

5ஜியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பல பேர் பம்ப் செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், திரும்பக் கூப்பிட்டால் நிற்கும். இந்தப் பெட்டிகளில் நிறைய 2ஜியில் ஓடுகிறவை. ஜியோ தொடங்கியதே 4ஜியில்தான், அதில் 2ஜி கிடையாது. ஆக 2ஜி இருக்கிற வேறொரு கம்பெனி சிம்மை மோட்டார் கொட்டகைக்கென்று தனியாக வைத்து, அதற்கும் ரீசார்ஜ் போடுகிறோம். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி பேக் கொடுங்கள் என்று டிராய் 2024 டிசம்பரில்தான் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. அதுவரை டேட்டாவே தொடாத பெட்டிக்கும் டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்டினோம். நீங்கள் 5ஜி வேகம் பேசும்போது, எங்களுக்கு எந்த டவர் எட்டும் என்பதே முதல் கேள்வி.

சரி, பேட்டரி போய்விட்டது. என்ன நடக்கும்? எங்க பக்கத்து வயல்காரர் ஒருத்தர் போனில் பேட்டரி ஊதி, பின்பக்க மூடி வாய் திறந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் உதிரி வர வேண்டும், போனை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வெளியில் கடைக்காரர் பசையைச் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது டிஸ்ப்ளே போனால் நான் பொறுப்பில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். குற்றம் பசை போட்டு ஒட்டியவனுடையது.

"நாலு நாள் போன் இல்லன்னா உயிரா போயிடும்?" என்று கேட்பீர்கள். உயிர் போகாது, ஓடிபி போகும். பிஎம் கிசான் ஈ-கேஒய்சிக்கு ஓடிபி. விவசாயி அடையாள எண்ணுக்கு ஓடிபி. கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைன் பதிவு, அதற்கும் அந்த எண்தான். பேங்கும் அந்த எண்தான், கீரைக்காரனுக்கு கோயம்பேட்டிலிருந்து ராத்திரி வருகிற விலையும் அந்தப் போனில்தான். அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, மேலே மேகம் கூடும்போது, கையில் போன் செத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எண் போனால் என்ன ஆகும் என்று இந்த மாநிலத்துக்கே ஒருமுறை தெரிந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் போட்டுக்கொண்டிருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் படுத்துவிட்டது. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னலே இல்லை. ஆதாரிலும் பேங்கிலும் அந்த எண்ணைக் கொடுத்திருந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அன்றைக்கு நகரத்துக்காரரும் அலைந்தீர்கள், அதனால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு பேட்டரி சாகிற ஒவ்வொரு தடவையும் அதே அலைச்சல்தான்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2003-ல் வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கா? டார்ச், தூசு புகாத பட்டன், பின்னால் நகத்தால் தள்ளினால் திறக்கிற மூடி. உள்ளே பிஎல்-5சி பேட்டரி. அந்த பேட்டரியிலும் ஒரு பெரிய குறை வந்தது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிடா செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் போடும்போது சூடேறலாம் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியாவே அறிவித்தது. நம்ம ஊரிலும் ஒரே பீதி. ஆனால் செய்ய வேண்டிய வேலை என்ன? மூடியைத் திற, பேட்டரியை எடு, அதில் இருக்கிற 26 எழுத்து எண்ணைப் பார், அந்த வரிசையில் இருந்தால் கொடுத்து மாற்று. போன் அப்படியே நம்மிடம்.

ஒன்பது வருஷம் கழித்து, 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. அதுவும் பேட்டரிக் குறைதான் என்று 2017 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள். ஆனால் அதன் பேட்டரி உள்ளே வைத்து மூடியது. முதலில் 25 லட்சம் போன்களைத் திரும்பக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது, கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். விமானத்தில் அந்தப் போனுக்குத் தடை வந்தது. குறை இருந்தது பேட்டரியில், திரும்ப வாங்கியது முழுப் போனை. இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் ஒட்டி மூடுவதுதான் முன்னேற்றம் என்று யாராவது சொன்னால், அவருக்குக் கம்பெனியில் பங்கு இருக்கிறதா என்று கேட்பேன்.

கம்பெனிகள் சொல்கிற முதல் சாக்கு, தண்ணீர் புகாமல் இருக்க மூடினோம் என்பது. 2014-ல் வந்த கேலக்ஸி எஸ்5-ல் பின்மூடி கழலும், பேட்டரி கழலும், தண்ணீர் தாங்கும் ஐபி67 சான்றும் இருந்தது. அடுத்த வருஷம் எஸ்6 வந்தது. பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள், தண்ணீர் தாங்கும் சான்றும் போய்விட்டது! சாக்கு எங்கே போயிற்று? இன்றைக்கும் கடினமான வேலை செய்கிறவர்களுக்கென்று அதே சாம்சங் செய்கிற எக்ஸ்கவர் 6 ப்ரோவில் பேட்டரி கழலும், ஐபி68-ம் உண்டு. முடியாமல் இல்லை, கேட்க ஆள் இல்லை.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமோலெட் திரையில் பச்சைக் கோடு விழுகிற குறை வந்தபோது நீங்கள் போட்ட சத்தம் கொஞ்சமா நஞ்சமா? எக்ஸ் தளம் முழுக்க படம் போட்டுக் கம்பெனியை இழுத்தீர்கள். 2024-ல் சாம்சங் இங்கே எஸ்20, எஸ்21 வரிசைக்கு இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. அதே வருஷம் ஒன்பிளஸ் பச்சைக் கோட்டுக்கு ஆயுள் முழுக்க வாரண்டி என்றது. நல்லது, நடக்க வேண்டியதுதான். ஆனால் யாருக்கு நடந்தது என்று பாருங்கள். சத்தம் போடத் தெரிந்தவர்கள் வைத்திருந்த விலை உயர்ந்த மாடலுக்கு. 9,000 ரூபாய் போனில் பேட்டரி ஊதினவன் எந்தத் தளத்தில் போய் யாரை இழுப்பான்? அவனிடம் இருந்த ஒரே போன் அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கிற சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாற்ற முடிய வேண்டும். போனுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். 1,000 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் தாங்குகிற பேட்டரியும், தண்ணீர் புகாத கட்டமைப்பும் இருந்தால் விலக்கு உண்டு. அந்தச் சந்து வழியாகவே பல கம்பெனி நுழையப் பார்க்கும். ஆனாலும் 2025 ஜூன் 20-க்குப் பிறகு அங்கே வருகிற மாடல்களுக்கு, விற்பனை நின்ற பின் 7 வருஷம் வரை முக்கிய உதிரிகள் கிடைத்தாக வேண்டும்.

நம்ம நாட்டில்? 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு இணையதளம் திறந்தார்கள். 2025-ல் ஒரு குழு, போனுக்கும் வீட்டுச் சாமானுக்கும் எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடலாம் என அறிக்கை கொடுத்தது. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிற மாதிரி. நல்ல யோசனைதான், ஆனால் மதிப்பெண்ணால் மட்டும் மூடி திறக்காது. உதிரி கொடு, கழலும்படி செய் என்று கட்டாயப்படுத்துகிற சட்டம் வேண்டும்.

இதில் எனக்கு வயிறு எரிகிற இடம் இன்னொன்று. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் நோக்கியா ஆலை வந்தது. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்ப் பேட்டரி கழலும் போன்களைச் செய்தார்கள். 2014 நவம்பர் 1-ல் அது மூடப்பட்டது. இப்போது அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி, சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிறார்கள். விடிவதற்கு முன் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒட்டுகிற கை நம்ம பெண்களுடையது. பிரிக்கிற உரிமை மட்டும் நமக்கு இல்லையாம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேமராவைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேட்டரியை நானே கழட்டலாமா? உதிரி எத்தனை வருஷம் கிடைக்கும்? என் ஊரில் மாற்ற ஆள் உண்டா? கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். பத்து பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார், டீலர் கம்பெனியிடம் கேட்பான். பச்சைக் கோட்டுக்குப் போட்ட சத்தத்தில் கால்வாசியைப் பேட்டரிக்குப் போடுங்கள். உங்கள் தொகுதி எம்பிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

நாங்கள் கேட்டால் காதில் விழாது. நீங்கள்தான் அவர்களுக்கு வாடிக்கையாளர். கேளுங்க.