வெட்டிவேருக்கு வேற்றெழுத்தா?

புதுச்சேரி நேரு வீதியிலும், கடற்கரையை அடுத்த பழைய பிரெஞ்சுத் தெருக்களிலும் நறுமண மெழுகுத்திரி விற்கும் கடைகள் பல உள. வாங்க வருவோர் கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் எடுப்பர், மூடியைத் திறப்பர், முகர்வர். சிலர் முறுவலிப்பர், சிலர் முகஞ்சுளித்து மூடி வைப்பர். இஃது அவரவர் மூக்கின் உரிமை. இதில் பிறர் புகுந்து உரைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயின், மூக்கு முகரும் முன்பே கண் படித்துவிடுகின்றது. கண் படிக்கும் பெயர்ச்சீட்டிலோ பெரும்பாலும் தமிழ் இல்லை. விற்கும் இடம் தமிழ்மண். வாங்குவோருள் பலர் தமிழர். எழுத்து மட்டும் எவருடையது?

வாங்குவோர் சொல்லும் குறைகளைக் கேட்டால் அவர்தம் பட்டறிவு விளங்கும். கடையில் கமழ்ந்த திரி வீட்டில் ஏற்றியபின் மணக்கவில்லை என்பார் ஒருவர். மணம் மிகுந்து தலைவலி தந்தது என்பார் மற்றொருவர். திரி நடுவே குழிந்தெரிய, சுற்றிலும் மெழுகு உருகாமல் நின்றுவிட்டது என்பார் வேறொருவர். கண்ணாடியில் கரி படிந்தது என்பாரும் உளர். இவற்றுட் சிலவற்றுக்கு எளிய மாற்று உண்டு. முதன்முறை ஏற்றும்போது, உருகிய மெழுகு கிண்ணத்தின் ஓரத்தைத் தொடும்வரை எரியவிட்டால் குழி விழுதல் குறையும். திரிநுனியை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளத்திற்கு நறுக்கிவிட்டு ஏற்றினால் கரி குறையும். திரைச்சீலை அருகில் வைத்தலும், ஆளில்லா அறையில் எரியவிடுதலும் ஆகா. இவை பல கிண்ணங்களின் அடியில் அச்சிடப்பட்டே உள்ளன, ஆங்கிலத்தில்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்க்கு அவ்வெச்சரிக்கை இருந்தும் இல்லாததே. வீட்டுக்குள் நெருப்பை வைக்கின்றவளுக்கு, நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை விளங்காத மொழியில் இருப்பது சிறு குறையாகுமா?

பொருளின் உண்மையும் இவ்வாறே மறைகின்றது. நிலநெய்யினின்று பெறும் மெழுகு வேறு, தேன்மெழுகு வேறு, சோயா மொச்சை எண்ணெயினின்று ஆக்கும் மெழுகு வேறு. மல்லிகையின் மணம் கொதிநீராவியில் வடித்தால் கெடும். அதனைக் கரைப்பான் கொண்டே பிரித்தெடுக்கின்றனர். அவ்வாறு எடுத்த நெய் மிக விலையுயர்ந்தது. ஆகவே, மலிவான திரியில் கமழும் மல்லிகை பெரும்பாலும் செயற்கை மணமே. இதை அறிந்து வாங்குவோன் ஏமாறான். அறியும் வழியை மொழி அடைத்துவிட்டால் அவன் என் செய்வான்?

இனி, பெயர்களைப் பார்ப்போம். மேலைநாட்டு நறுமணக் கலைஞர் போற்றும் மணங்களுள் ஒன்று வெட்டிவேர். பிரெஞ்சு மொழி அப்பெயரை மாற்றாமல் தமிழினின்றே ஏற்றது. ஆங்கிலமும் அதனையே வழங்குகின்றது. ‘பச்சூலி’ என்னும் மணப்பெயரையும் தமிழ்வழிச் சொல்லாகவே அகரமுதலிகள் காட்டுகின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்துக் கடலோர மணற்பாங்கில் வெட்டிவேர் இன்றும் பயிராகின்றது. அவ்வேரின் பெயரை உரோமன் எழுத்தில் கண்டு, அயல்நாட்டு மணம் என்று எண்ணி, மிகுவிலை கொடுத்து வாங்கிச் செல்லும் தமிழனை என்னென்பது! தன் வீட்டுப் பிள்ளையை விருந்தினன் என்று வணங்குவானை ஒத்தவன் அவன்.

மணப்பொருள் தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டியதென அறிஞர் பலர் கொள்ளும் எயிற்பட்டினத்தில், அலை கரைசேர்த்த நறுமண மரத்தையே நெய்தல்நில மக்கள் விறகாக எரித்தனர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அகிலும் ஆரமும் நறையும் அவர்தம் நாவில் தமிழாகவே வழங்கின. விளக்கை வாயால் ஊதி அணைத்தல் ஆகாது, குளிரவைத்தல் வேண்டும் என்று கருதும் இல்லங்கள் இன்றும் இங்குண்டு. ஒளியையும் மணத்தையும் இத்துணைப் பரிவோடு போற்றிய மொழிக்கு ஒரு கிண்ணத்தின் மேல் இடமில்லையா?

சட்டம் என்ன சொல்கின்றது? பொதிந்து விற்கும் பொருள்களுக்கென 2011-இல் நடைமுறைக்கு வந்த இந்திய ஒழுங்குமுறைகளின்படி, விலை, எடை, செய்தவர் பெயர் முதலியன தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அன்றி ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிறமொழி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவே! இந்திக்கு ‘வேண்டும்’, தமிழுக்கு ‘இருக்கலாம்’. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழை ஆட்சிமொழியாக ஏற்ற புதுச்சேரியிலும் இதுவே நிலை. இவ்வேற்றத்தாழ்வு நீங்க வேண்டும் என்பது ஒரு மெழுகுத்திரிக்கான வழக்கன்று. தமிழ்நிலத்தில் விற்கும் ஒவ்வொரு பொதிக்குமான வழக்கு.

“தமிழில் எழுதினால் வெளிநாட்டார் வாங்கார்” என்பர் வணிகர். எவரும் பிறமொழியை நீக்கச் சொல்லவில்லை. தமிழைச் சேர்க்கவே சொல்கின்றனர். தொலைவிலிருந்து வருவோன் தன் ஊரில் கிடைப்பதை வாங்க இங்கு வருவதில்லை. இம்மண்ணின் அடையாளத்தையே தேடி வருகின்றான். வெட்டிவேர் என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரன் மொழிபெயர்க்கவில்லை. அச்சொல்லோடே அம்மணத்தை விரும்பினான். அவனுக்கு இல்லாத கூச்சம் நம் வணிகர்க்கு ஏன்?

தமிழ் சேர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆகலின், செய்வோர் இன்றே சேர்க்கலாம். வாங்குவோர் கிண்ணத்தை முகர்ந்தபின், “இதன் பெயர் தமிழில் எங்கே? எச்சரிக்கை தமிழில் எங்கே?” என்று கேட்கட்டும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் நகைப்பார். நாளும் பதின்மர் கேட்டால் அச்சகத்துக்கு ஆளனுப்புவார். வாங்குவோரின் விருப்பு வெறுப்பை விற்போர் மதித்தே தீர்வர்.

பாவேந்தர் பிறந்த இவ்வூர் 2006-இல் தன் பழம்பெயரைச் சட்டப்படி மீட்டுக்கொண்டது. ஊர்ப்பெயர் மீண்டது, ஊரில் விற்கும் பொருளின் பெயரும் மீளட்டும். மணம் எதுவாயினும் ஆகுக. பெயர் தமிழில் கமழ்க!