இது எந்த பாஷை, தம்பி?

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார் பெரியவர். ஊருக்கு ரோடு கேட்டு மனு. அதை வேர்டில் டைப் செய்தது அடியேன். 'நிறைமாசக் கர்ப்பிணியை எத்தனை நாளைக்கு டோலி கட்டித் தூக்குவது?' என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

வீட்டு பிரிண்டரில் மை இல்லை. 'அதனாலென்ன?' என்று பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஃபைலைத் திறந்தால்... தமிழைக் காணோம்! வெள்ளைக்காரன் தும்மின மாதிரி பக்கம் பூராவும் ஏ, பி, சி, டி!

"இது எந்த பாஷை, தம்பி?" என்றார் பெரியவர்.

என் ஃபான்ட் அந்தக் கடையில் இல்லை. அது இருப்பதோ சங்கராபுரத்தில், என் வீட்டு கம்ப்யூட்டரில். போய் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவருடைய ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் என் புண்ணியத்தில் காலி.

விஷயம் இதுதான். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்கள் எல்லாம் வேஷம். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை. அடுத்த கம்ப்யூட்டரில் அந்தச் சட்டை இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிகோடில் அடித்தால் இந்த வம்பு இல்லை. தமிழக அரசே 2010-ல் அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. நம்ம விரல்தான் பழசை விட மாட்டேன் என்கிறது.

1993-ல் அடோபி கம்பெனி கொண்டுவந்த பி.டி.எஃப். சமர்த்து. சட்டையையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்பும். வேர்டில் எஃப்-12 தட்டுங்கள். 'சேவ் ஆஸ் டைப்' என்ற இடத்தில் பி.டி.எஃப்.பைத் தேர்ந்தெடுத்து சேவ் கொடுங்கள். பத்து செகண்ட் வேலை.

இரண்டு எச்சரிக்கை. திருத்தம் வந்தால் வேண்டும். வேர்டு ஃபைலை அழித்துவிடாதீர்கள். பாமினியில் அடித்ததை பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்குத்தான் தமிழ். காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் மறுபடி தும்மல்தான். ஆகவே முதலில் யூனிகோடு, அப்புறம் பி.டி.எஃப்.

அடுத்த திங்கள் அதே கடை. பயந்துகொண்டே திறந்தேன். ஓர் எழுத்துகூட நகரவில்லை. மனுவைக் கொடுத்து ரசீதும் வாங்கியாச்சு.

வெளியே வந்ததும் பெரியவர் சொன்னார்: "எந்தக் கடைக்குப் போனாலும் கலையாதுன்னீங்களே... ரோடு போடறப்பவும் இந்த மாதிரியே போடச் சொல்லுங்க தம்பி. ஒரு மழைக்குக் கரைஞ்சிடுது!"