மட்டக்களப்போடு நின்ற தண்டவாளம்

பெருநாளைக்கு முந்திய வாரங்களில் புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்க வரும் கல்முனை வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். இரவு பஸ்ஸில் வந்து, பகல் முழுதும் கடை கடையாக ஏறி இறங்கி, அன்றிரவே பஸ்ஸில் திரும்புகிறார்கள். பொதிகள் லொறியில் போகின்றன. அந்தக் கூலி துணி விலையில்தான் ஏறும்.

புகையிரதப் பாதை 1928இல் மட்டக்களப்புக்கு வந்தது. இன்றுவரை அதற்கப்பால் ஓரடி நகரவில்லை. காத்தான்குடி கூப்பிடு தூரம். கல்முனை சுமார் 40 கிலோமீற்றர். பொத்துவில் வரை நீட்டும் பேச்சு பல தடவை கேட்டுக் காது புளித்துவிட்டது.

பணமில்லை என்பது பாதி நியாயம்தான். ஆனால், இந்தியக் கடனில் வடக்குப் பாதை திருத்தப்பட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் போனது. வெள்ளவத்தையிலுள்ள என் வாடிக்கையாளர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் கண்டேன். சீனக் கடனில் மாத்தறைப் பாதை 2019 ஏப்ரலில் பெலியத்த வரை 26 கிலோமீற்றர் நீண்டது. பெலியத்த எந்த மாவட்டம், அங்கிருந்து யார் வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்கள் அமைச்சுப் பதவிக்கு அடம்பிடித்தார்கள். தண்டவாளத்துக்கு அடம்பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நாமும் தான் கேட்கவில்லை, லொறிக்காரரோடு கூலி பேசியே காலத்தைக் கடத்திவிட்டோம்.

இனியாவது கேட்பதானால் பயணிகள் வண்டியோடு பொதிப் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். பாதை போடும்வரை, மட்டக்களப்பில் ரயில் வந்து நிற்கும் நேரத்துக்குக் கல்முனை, அக்கரைப்பற்று பஸ்கள் நிலைய வாசலில் நிற்கட்டும். அதற்கு எந்த நாட்டுக் கடனும் தேவையில்லை.