பூ ஆயாத வருசம்

அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்தபின், பேர்னில் உள்ள எங்கட தோட்டத் துண்டு என் கைக்கு வந்தது. மிளகாய், கத்தரி எல்லாம் சமாளிக்கலாம். பயந்தது ரோசாவுக்குத்தான். அம்மா இந்த நாட்டில் முதல் முதலாக நட்ட செடி அது. வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குப் பூ அதிலிருந்துதான்.

நான் எதையும் வாசித்துவிட்டுத்தான் தொடுவேன். ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்ததைக் கண்டபிறகுதான் மார்ச்சில் கத்தரித்தேன். முந்தி வெட்டினால் புதுத் துளிர் உறைபனியில் கருகிவிடும். வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே சரிவாக ஒரு வெட்டு, பிறகு பசளை. ஜூன் மாதம் செடி முழுக்கச் சிவப்பு. மகள் சாமிக்குப் பூ ஆயட்டோ என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, வடிவா இருக்கு, விடுங்கோ" என்றேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியாச்சு.

ஜூலையில் ஒரு மொட்டும் இல்லை. பூ இருந்த இடமெல்லாம் பச்சை மணி மணியாகக் காய். இன்னும் பசளை போடுவமோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஊன்றுகோலோடு வந்து பார்த்தா. "என்ன, நீங்கள் பூ ஆயிறேல்லையோ?"

விசயம் அவ்வளவுதான். செடியின் வேலை விதை வைப்பது. காய் பிடித்தால் சத்து அங்கே போய்விடும், அடுத்த பூ வராது. சாமிக்கென்று அம்மா ஆய்ந்த பூக்கள்தான் இத்தனை வருசமும் செடியைத் திரும்பத் திரும்பப் பூக்க வைத்திருக்கின்றன. எங்கட ஆக்கள் கலியாணப் படம் எடுக்கப் போகிற பேர்ன் ரோசன்கார்ட்டனிலும் (1877 வரை அது இடுகாடு, 1913இலிருந்து பூங்கா) வாடின பூவை வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். எத்தனை தரம் போயிருப்பேன், ஒருநாளும் கவனிக்கவில்லை. வருசத்தில் ஒருமுறை மட்டும் பூக்கிற வகை என்றால் இந்தக் கதை இல்லை, காயை விட்டுவிடலாம்.

எங்கே வெட்டுவது? பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே. எண்ணுவது மகளின் வேலை. தமிழில்தான் எண்ணவேண்டும் என்பது அம்மம்மாவின் சட்டம்.

பசளை ஜூன் பூப்பு முடிய இன்னொரு தரம். ஜூலை நடுவுக்குப் பிறகு வேண்டாம், பிந்தி வருகிற தண்டு முற்றாமல் குளிரில் செத்துப்போகும். தண்ணீரைக் காலமையில் அடியில் மட்டும், கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் ஆழமாக விடுங்கள். இலை நனைந்தபடி இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி, காசு கொடுத்து வாங்குகிற அந்தக் குப்பைப் பைக்குள்தான் போடவேண்டும், கொம்போஸ்டுக்குள் போடக்கூடாது. அசுவினிக்குத் தண்ணீரைப் பீச்சி அடித்தாலே போதும். சாமிக்கு வைத்து, பிள்ளைகள் முகர்ந்து பார்க்கிற பூவுக்கு மருந்து எதற்கு? மிச்சத்தைப் பொறிவண்டு தின்னும்.

ஒன்றை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். யப்பான் வண்டு 2017இல் திச்சினோவுக்கும் 2023இல் சூரிச் பக்கம் குளோட்டனுக்கும் வந்துவிட்டது. ரோசா என்றால் அதற்கு உயிர். பச்சைத் தலை, செப்பு நிற முதுகு, ஓரத்தில் பக்கத்துக்கு ஐந்து வெள்ளைக் குஞ்சம், பின்னால் இரண்டு. கண்டால் பிடித்து, படம் எடுத்து, கன்ரோனின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பூ ஆய்வதை நிறுத்துங்கள். அப்போது காய் பிடிக்கட்டும், செடி குளிர்காலத்துக்கு அடங்கும். நவம்பரில் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணையுங்கள். பெரிய வெட்டை மார்ச்சுக்கு வையுங்கள்.

இந்த வருசம் அம்மா கதிரையில் இருந்து பார்க்கிறா, குனிய ஏலாது. போன வெள்ளிக்கிழமை மகள் எண்ணிக்கொண்டே போனாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு...

"அம்மம்மா, இதில ஏழு இருக்கு!"

"எங்கயிருந்து வருது எண்டு பார் பிள்ளை. ஒட்டுக்குக் கீழயோ?"

மகள் மண்ணைக் கிளறினாள். ஒட்டுக்குக் கீழே, வேரிலிருந்துதான்.

"அது காட்டு ரோசா. வெட்டாத, திருப்பித் தளைக்கும். பிடிச்சு இழு."