10 நாள் தொண்டு! யாருக்கு லாபம்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் கோடை விடுமுறை. கிறிஸ்தவ திருச்சபைகளில் ஒரே பரபரப்பு! வாலிபர்களும், இளம்பெண்களும் கூட்டம் கூட்டமாக வெளிநாடு புறப்படுகிறார்கள்.

உல்லாசமாக ஊர் சுற்ற அல்ல, தொண்டு செய்ய! 10 நாள், 15 நாள் தங்குவார்கள். வீடு கட்டுவார்கள். சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். குழந்தைகளுக்கு பைபிள் கதை சொல்வார்கள்.

2005-ம் ஆண்டில் மட்டும் இப்படி வெளிநாடு சென்றவர்கள் சுமார் 16 லட்சம் பேர் என்று ராபர்ட் உத்னோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணக்கிட்டார். தென் ஆப்பிரிக்கா, எஸ்வாட்டினி, லெசோத்தோ ஆகிய நாடுகளுக்கும் பல குழுக்கள் போகின்றன.

கோடையில் குளிர்!

அமெரிக்காவில் கோடை என்றால் அங்கே குளிர்காலம். லெசோத்தோ மலைநாடு. ஜூலை மாதத்தில் மலை மேல் பனி விழும். கோடைப் பயணம் புறப்பட்டவர்கள் கம்பளி போர்த்திக்கொள்ள வேண்டும்!

இது சின்ன விஷயம்தான். ஆனால், இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. போகிறவர்களுக்கு எப்போது லீவு என்று பார்த்துத்தான் பயணத் தேதி முடிவாகிறது. அந்த ஊருக்கு எப்போது ஆள் தேவை என்று பார்த்து அல்ல.

பாட்டிமார் சுமந்த பாரம்

எஸ்வாட்டினி சின்னஞ்சிறு நாடு. 2018 வரை அதன் பெயர் சுவாசிலாந்து. ஜனத்தொகை சுமார் 12 லட்சம். வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறது. மருந்து எல்லோருக்கும் கிடைப்பதற்கு முன்பு தாய், தகப்பன்மார் ஏராளமாக இறந்தார்கள். அநாதையான பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்த்தார்கள்.

ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டி, சோளமாவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நிலையங்கள் நாடெங்கும் ஏற்பட்டன. வெளிநாட்டுத் தொண்டர் 10 நாளில் விமானம் ஏறிவிடுவார். அடுப்பு மூட்டும் பெண் மறுநாளும் வரவேண்டும்!

பிஞ்சு மனம்

அநாதை இல்லத்துக்குப் போகிற தொண்டர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். குழந்தை ஒட்டிக்கொள்கிறது. பிறகு அவர் போய்விடுகிறார். அடுத்த குழு வருகிறது. மறுபடியும் பிரிவு!

இது குழந்தையின் மனதைக் கெடுக்கும் என்று லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் எச்சரித்தார்கள். 2019-ல் ஐக்கிய நாடுகள் சபையும் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது.

வீடு ஒன்று, விலை இரண்டு

பணக் கணக்கும் பார்க்க வேண்டும். மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டை 1998-ல் பெரும் புயல் தாக்கியது. அங்கே தொண்டர்கள் சென்று வீடு கட்டினார்கள். விமானச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு சுமார் 30 ஆயிரம் டாலர் ஆயிற்று. உள்ளூர்க்காரர்கள் கட்டினால் சுமார் 2 ஆயிரம் டாலர்தான்! 2006-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இதைக் கூறியது. ஆப்பிரிக்காவுக்கும் கடல் தாண்டித்தான் போகவேண்டும்.

அளந்து போடு

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. லெசோத்தோவிலும், எஸ்வாட்டினியிலும் எய்ட்ஸ் சிகிச்சைப் பணிகள் பாதிக்கப்பட்டன. ஆகவே, சபைகள் தரும் பணத்துக்கு இப்போது முன்னைவிட மதிப்பு அதிகம்.

போகவே கூடாது என்பது அல்ல. நேரில் பார்த்தவர்களில் சிலர் பல ஆண்டுகள் மறக்காமல் உதவுவதும் உண்டு. வருஷா வருஷம் ஒரே கிராமத்துக்குப் போய், ஊராரைக் கேட்டு வேலை செய்தால் பலன் உண்டு. சுவருக்கு வர்ணம் அடிக்க உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார். அவருக்குக் கூலி கிடைத்தால் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும். நல்ல மனது மட்டும் போதாது. நல்ல கணக்கும் வேண்டும்!