தைராய்டு மாத்திரைக்கு 'அடிமை' ஆயிடுவீங்களாம்!

மக்களே, ரொம்ப நாளா கடையைத் திறக்கலை. இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம வந்திருக்கேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க அக்காவுக்கு ஆறு வருஷமா தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலை. தினமும் காலைல வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை, அவ்ளோதான் வைத்தியம். நல்லாத்தான் இருந்தா. போன வருஷம் யாரோ கூப்பிட்டாங்கன்னு ஒரு 'இயற்கை வாழ்வியல்' வகுப்புக்குப் போனா. "மாத்திரைக்கு அடிமை ஆகாதீங்க, கொத்தமல்லி விதை ஊறவச்ச தண்ணி குடிங்க, மூணே மாசத்துல குணம்"னு சொல்லியிருக்காங்க. நிறுத்திட்டா. பத்து நாள் கழிச்சு போன்ல, "பாத்தியாடா, மாத்திரை இல்லாமலே ஜம்முனு இருக்கேன்"னு சிரிச்சா.

நாலாவது மாசம் போய்ப் பார்த்தேன். சென்னை மே மாச வெயில்ல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கா. முகம் உப்பி, குரல் கரகரத்து, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. மாமியார் வேற, "பகல்லயும் தூக்கம்தான், சோம்பேறித்தனம்"ங்கறாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா டி.எஸ்.எச். 62. பொதுவா நாலு, நாலரைக்குள்ள இருக்கணும்.

அந்தப் பத்து நாள் 'ஜம்மு'தான் இந்த வியாபாரத்தோட மூலதனமே! தைராக்சின் ஹார்மோன் ரத்தத்துல மெதுவாத்தான் குறையும். நிறுத்தி ஒரு வாரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும், ரெண்டு வாரத்துல கால்வாசி. பழைய மாத்திரையோட புண்ணியத்துல நடமாடுறோம், பேர் வாங்கறது கொத்தமல்லி.

டி.எஸ்.எச். கூடினா தைராய்டு 'ஓவரா' வேலை செய்யுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நேர் எதிர்! மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரி சுரப்பி இருக்கு. ரத்தத்துல தைராக்சின் குறைஞ்சா அது டி.எஸ்.எச்.சை அனுப்பி, "இன்னும் கொடு, இன்னும் கொடு"ன்னு தைராய்டை விரட்டும். போதுமான அளவு வந்ததும் அடங்கிடும். 62ன்னா பிட்யூட்டரி தொண்டை கிழியக் கத்துது, கழுத்துல பதில் சொல்ல ஆள் இல்லைன்னு அர்த்தம்.

இப்ப அந்த 'அடிமை' விஷயத்துக்கு வருவோம். மாத்திரையில இருக்கிற தைராக்சின், சுரப்பி செய்யுற அதே மூலக்கூறுதான், அதே நாலு அயோடின் அணு. அது இல்லாம நீங்களும் நானும் கூட ஓட முடியாது. நமக்கு ஃபேக்டரி கழுத்துக்குள்ள இருக்கு, அக்காவுக்கு மெடிக்கல் ஷாப்புல இருக்கு. இதுல எங்கேங்க வந்துச்சு அடிமைத்தனம்?

1891-ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர், இதே குறையால ஒடுங்கிப் போயிருந்த 46 வயசுப் பெண்மணிக்கு ஆட்டோட தைராய்டுல இருந்து எடுத்த சாறை ஊசியாப் போட்டார். அந்தம்மா எழுந்து நடமாடி இன்னும் 28 வருஷம் வாழ்ந்தாங்க. அதுக்கு 870-க்கும் மேல ஆடுகளோட சுரப்பி தேவைப்பட்டுச்சாம். இன்னைக்கு அதே வேலையைச் செய்யுற மாத்திரையை 'கெமிக்கல்'னு தூக்கிப் போடச் சொல்றாங்க.

"எனக்குத் தெரிஞ்சவங்க நிறுத்தி நல்லாயிட்டாங்களே"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். உண்மையா இருக்கலாம். டி.எஸ்.எச். லேசா மட்டும் கூடியிருந்தா பல பேருக்குத் தானாவே இறங்கிடும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தைராய்டு கோளாறும் பெரும்பாலும் சில மாசத்துல சரியாகும். அவங்க வெந்நீர் குடிச்சிருந்தாலும் குணமாயிருப்பாங்க. ஆனா உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தின்னு தீர்த்திருந்தா (ஜப்பான் டாக்டர் ஹஷிமோட்டோ 1912-ல எழுதினாரே, அந்த நோய்), எந்த விதைத் தண்ணியும் அதைத் திரும்ப முளைக்க வைக்காது. யாரு எந்த வகைன்னு டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும், மேடையில மைக் பிடிச்சுச் சொல்லக் கூடாது.

டாக்டர்களையும் சும்மா விட மாட்டேன். ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதிட்டு "லைஃப் லாங் போடுங்க"ன்னா யாருக்குத்தான் பயம் வராது? மேல சொன்னதை அக்காவுக்கு ஒரு தடவை யாராவது சொல்லியிருந்தா அவ அந்த வகுப்புக்கே போயிருக்க மாட்டா.

இப்ப மறுபடி மாத்திரை போடறா. ஸ்வெட்டர் பீரோவுக்குப் போயிடுச்சு. மாமியார் சொன்ன அந்த 'சோம்பேறி'தான் இன்னும் அவ மனசை விட்டுப் போகலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க மாத்திரையை நிறுத்தறதோ குறைக்கறதோ உங்க டாக்டர்கிட்ட கேட்டுச் செய்யுங்க. திட்டணும்னா பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)